முதல் அடி எதெல்வினாவுக்கு

லா பாஸ் புறநகரிலிருந்து நகரத்துப் பந்தித்லான் நிலையத்துக்குப் போகும் மெட்ரோவில் முன்பக்கத்துப் பெட்டிகள் பெண்களுக்கு. காலை நெரிசலில் அதில் நுழைந்து பெண்கள்மேல் கைவைக்கும் ஜென்மங்களுக்கு எதெல்வினாவைத் தெரியவில்லை என்றால் அது அவர்கள் தலையெழுத்து.

நகரத்தின் நடுவே இறைச்சி வைத்த ரொட்டி விற்கும் ஒரு கடையில் நாள் முழுக்க இறைச்சியைத் தட்டித் தட்டித் தகடாக்கும் வேலை அவளுக்கு. அந்தக் கை ஒருமுறை விழுந்தால் போதும். பத்தொன்பது வயதில் இதே ரயிலில் ஒருவன் அவளைச் சுவரோடு அழுத்தி நசுக்கினான். அவள் கத்தினாள். பெட்டி முழுக்கக் கூரையைப் பார்த்தது. அந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை.

இப்போது பெட்டியில் யாராவது "இவன்தான்!" என்று கத்தினால் மற்ற பெண்கள் அவனுடைய ஸ்வெட்டரைப் பின்னாலிருந்து தலைக்கு மேல் இழுத்துச் சுற்றிவிடுவார்கள். கண்ணும் தெரியாது, கையும் ஓங்க முடியாது. அப்புறம் வழிவிடுவார்கள். முதல் அடி எதெல்வினாவுக்கு.

"மூக்கைப் பாத்துக் குடுங்கடி. மூக்குல பட்டா சாத்தான்கூட உக்காந்துடுவான். அப்புறம் விலா," என்று சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

புருஷன் பிழைப்புக்காக எல்லை தாண்டி வடக்கே போனவன், போனவன்தான். மிச்சம் ஒரே மகன் எராஸ்தோ, செல்போன் கடையில் வேலை. அவனைச் சொன்னால் அவளுக்கு முகம் மலரும்.

"என் பையன் பொண்ணுங்களைக் கண்டா தலையைக் குனிஞ்சுக்குவான் தெரியுமா?" என்பாள், தினமும் கூட வரும் மிரேயாவிடம்.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான்கா!"

"போடி, உன் வாயில மிளகாயை வெக்க!"

அந்தத் திங்கட்கிழமை வீட்டில் கேஸ் தீர்ந்துபோய், சமைத்து வைத்துவிட்டுக் கிளம்ப நேரமாகிவிட்டது. வழக்கமான ரயில் போய்விட்டது. தனக்காகக் காத்திருந்த மிரேயாவோடு அடுத்ததில் ஏறினாள். பாதி வழியில் பெட்டியின் மறுகோடியிலிருந்து கூச்சல்.

"இவன்தான்! பாவாடைக்குள்ள கையை விட்டான்!" யாரெலி என்ற நர்சிங் படிக்கும் பெண். வெள்ளைச் சட்டையில் பொத்தான் பிய்ந்து தொங்கியது.

"எதெல்வினாக்காவுக்கு வழி விடுங்கடி!"

ஸ்வெட்டருக்குள் தலை மாட்டிக் குனிந்து நின்றான் ஒருவன். எதெல்வினா ஓங்கி விட்டாள். உள்ளே எலும்பு முறிந்தது அவள் விரலுக்கே தெரிந்தது. அடுத்தது வயிற்றில். அவன் மடங்கி விழுந்ததும் குதிகால் செருப்புகளும் கைப்பைகளும் மழையாக இறங்கின. கம்பளியிலிருந்து ரத்தம் சொட்டியது.

"அம்மா! ஐயோ, அம்மா!"

"இப்பத்தான் அம்மா ஞாபகம் வருதாடா நாயே?" அவள் இன்னொன்று வைப்பதற்காக ஸ்வெட்டரை உருவினாள்.

எராஸ்தோ.

"அம்மா... கூட்டத்துல தெரியாம பட்டுடுச்சும்மா. நீயே சொல்லும்மா இவங்ககிட்ட." கூச்சலில் அது அவள் காதுக்கு மட்டும்தான் எட்டியது.

சின்ன வயதிலிருந்து அவன் பொய் சொல்லும்போது இமை படபடக்கும். இப்போதும் படபடத்தது. பாவி, இதற்கா உன்னைப் பெற்றேன்!

அதற்குள் ஒருத்தியின் குதிகால் செருப்பு அவன் நெற்றிப்பொட்டைக் குறிவைத்து இறங்கியது. எதெல்வினா அப்படியே அவன்மேல் விழுந்து மூடிக்கொண்டாள்.

"விலகுங்கக்கா! பைத்தியமா உங்களுக்கு?"

அவள் விலகவில்லை. ஓங்கிய கைகளும் நிற்கவில்லை. முதுகில், பிடரியில், விலாவில் விழுந்தது. காது கிழிந்தது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. மகன் தலையை மார்போடு இறுக்கிக்கொண்டு அத்தனையும் வாங்கினாள்.

பந்தித்லானில் கதவு திறந்ததும் எராஸ்தோ அவளைப் புரட்டித் தள்ளிவிட்டு எழுந்து ஓடினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தரையில் கிடந்தவளை மிரேயா தூக்கி உட்கார வைத்தாள். "யாருக்கா அவன்?"

"என் மகன்."

ஒருத்தி காறித் துப்பினாள். நடைமேடையிலிருந்து ஒரு பெண் போலீஸ் எட்டிப் பார்த்து, "ஆளு எங்கே?" என்றாள்.

எதெல்வினா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கண் மூடிப் போயிருந்தது. யாரெலியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"வாம்மா."

அந்தப் பெண் பயந்து பின்வாங்கினாள். "எங்கே?"

"என் வீட்டுக்கு. இந்தப் போலீஸம்மாவும் வரட்டும். எங்க ஓடினாலும் பசிச்சா அவன் அங்கதான் வருவான்."