திரும்பி வராத கொண்டை ஊசிகள்

1. கடைசிக் கட்டம்

ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தபோதுதான் நான் வருடக்கணக்காகச் செய்துவந்த தப்பு எனக்குத் தெரிந்தது. தி.நகர்ப் பக்கத்து அஞ்சலகம் ஒன்றில் வெளிநாட்டுப் பார்சல் கவுண்டர் என்னுடையது. விதிப் புத்தகத்துக்குத் தெரியாததும் எனக்குத் தெரியும் என்பார்கள் சக ஊழியர்கள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கோமதியம்மாள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஜெர்மனியில் இருக்கும் மகளுக்கு ஒரே மாதிரிப் பார்சல்: கொண்டை ஊசி, கறுப்பு ரப்பர் பேண்டு, பெரிய கிளிப். எல்லாம் பாண்டி பஜாரில் வாங்கியவை.

"ஹேர் ஐட்டம்னு மொத்தமா எழுதக் கூடாதும்மா. எது எத்தனைன்னு தனித்தனியா எழுதணும்" என்பேன்.

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஒருமுறை, "இன்னா சார், ஊசிக்கெல்லாம் ரேஷன் கார்டு கேப்ப போலகீது" என்றார். அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்ப விதியில் இடமில்லை.

படிவத்தின் கடைசிக் கட்டத்தை மட்டும் நானே நிரப்புவேன். பார்சலைக் கொடுக்க முடியாவிட்டால் திருப்பி அனுப்புவதா, அங்கேயே கைவிடுவதா? திருப்பினால் அனுப்பியவர் கட்டணம் கட்ட வேண்டும். கவுண்டரில் சண்டை வரும். அதனால் எல்லோருக்கும் 'கைவிடுக' என்று டிக் அடித்துவிடுவேன். யாரையும் கேட்டதில்லை.

2. கேட்ட கேள்வி

ஒரு நாள் கூட்டமில்லை. "ஏம்மா, அந்த ஊர்ல கிளிப்பே கிடைக்காதா?" என்றேன்.

"கிடைக்கும் சார். எல்லாம் மெல்லிசு முடிக்குச் செஞ்சது. இவ முடியில நிக்காதாம். போன புதுசுல கடை கடையா ஏறி இறங்கிட்டு, 'நம்ம பாண்டி பஜார் ஊசியே அனுப்பும்மா'ன்னு போன்ல அழுதா." கிளிப்புகளை எண்ணிப் பெட்டியில் வைத்தார். "அவளா ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டா. நாங்க போகல. ரெண்டு வருஷமா பேச்சில்ல. ஆனா பார்சலை வாங்கிக்கிறா சார். ஒண்ணுகூடத் திரும்பி வரலியே."

பேனாவைக் கீழே வைத்தேன். எங்கள் டிராக்கிங், பார்சல் விமானம் ஏறுவதோடு நின்றுவிடும். நான் 'கைவிடுக' என்று டிக் அடித்திருந்ததால், மகள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவை திரும்பி வந்திருக்காது.

சொல்லாமல் இருந்திருக்கலாம், யாரும் மெமோ கொடுக்கப் போவதில்லை. சொன்னேன்.

அவர் திட்டவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, 'திருப்பி அனுப்புக' கட்டத்தில் தானே டிக் அடித்தார். "வந்தா வரட்டும். எனக்குத் தெரியணும்."

3. வந்த பார்சல்

நான்கு மாதம் கழித்து வந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டை அவருக்குப் படித்துக் காட்டினேன். 'பெற மறுத்தார்' என்ற கட்டம் காலியாக இருந்தது. 'வீடு மாறிவிட்டார்' என்பதில்தான் குறி.

"வேணாம்னு சொல்லலியே சார்?"

"இல்லம்மா."

"அப்போ, அம்மா அனுப்பறதை நிறுத்திட்டான்னுல்ல அவ நினைச்சிருப்பா!"

அங்கேயே கைப்பேசியை எடுத்தார். கவுண்டரில் போன் பேசக் கூடாது என்ற அறிவிப்பு அவர் தலைக்கு மேலே, என் கையெழுத்தில் இருந்தது. வெகுநேரம் மணி அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"நான்தாம்மா. உன் அட்ரஸ் சொல்லு" என்றார். புதுப் படிவத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

இன்று கவுண்டரில் இருப்பவர்களுக்கு: கடைசிக் கட்டத்தை அனுப்புகிறவரிடம் கேட்டு நிரப்புங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. நான் கேட்டதில்லை.