மேல் மாடி லித்தியம்

கொடைக்கானலின் டிசம்பர் எனக்கு முதலில் மண்ணெண்ணெய் வாசனையாகத்தான் வருகிறது; காயாத கம்பளிச் சட்டையின் வாசனையும், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பறித்துவந்த பாசியின் வாசனையும் அதற்குப் பிறகுதான். அந்த மண்ணெண்ணெய் அடுப்புக்கானது அல்ல. திண்டுக்கல்லில் பி.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருந்த என் பெரியம்மா மகள் ரெஜினா அக்கா, கல்லூரி ஆய்வகத்திலிருந்து யாரிடமும் கேட்காமல் எடுத்துவந்த இரண்டு சிறு புட்டிகளில் அது இருந்தது. சோடியமும் பொட்டாசியமும் காற்றும் ஈரமும் படாமல் அதற்குள் மூழ்கிக் கிடந்தன.

அட்டுவம்பட்டியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு துவைக்கிற தொட்டி உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மதியம் அக்கா என்னையும் தம்பி ஜான்சனையும் அதன் அருகே நிறுத்தி, தனிம அட்டவணையின் முதல் தொகுதி ஒரு "மாடி வீடு" என்றாள். மேல் மாடியில் லித்தியம், அதன் கீழ் சோடியம், அதற்கும் கீழ் பொட்டாசியம்; எல்லாரும் ஒரே குடும்பம், யாருக்கும் தண்ணீர் ஆகாது, கீழே போகப் போகக் கோபம் கூடும். மேல் மாடிக்காரர் மட்டும் கல்லூரியில் கிடைக்கவில்லையாம். அடுப்படியிலிருந்து பெரியம்மா, "ஏ புள்ள, முறுக்கு மாவுல மண்ணெண்ண வாட வருது, ஒஞ் சோலிய வெரசா முடி" என்றார்.

சோடியம் நீர்மேல் உருண்டு, சீறி, ஓடித் தீர்ந்தது. கடுகளவு பொட்டாசியம் விழுந்ததும் தானாகவே பற்றிக்கொண்டது. ஆனால் அதற்குள் எங்கள் ஊரில் "மிஸ்டு" என்கிற பனி இறங்கிவிட்டதால், தள்ளி நின்ற எங்களுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ மினுங்கியதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா, சத்தம் மட்டும் கேக்குது, படத்தக் காணோம்" என்றான் ஜான்சன்.

அக்கா சிரித்தாள். பனிக்குள்ளும் எங்களுக்குத் தெரியட்டும் என்று பெரிய துண்டாக வெட்டினாள். தனக்கும் சரியாகத் தெரியாததால், போட்ட கையோடு தொட்டிமேல் குனிந்தாள்.

வெடித்தது. சுற்றியிருந்த பனி முழுவதும் ஒரு நொடி கத்தரிப்பூ நிறமாகி, மறுபடி வெளுத்தது. அதற்குள்ளிருந்து அக்காவின் குரல், பதற்றமே இல்லாமல் வந்தது: "அம்மா, எனக்கு வலது கண்ணு தெறக்கல."

ஜீப்பில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முன்னால் போகும் வண்டியே தெரியாத பனியில் மலைப்பாதையை ஊர்ந்துதான் இறங்க முடிந்ததாம். கண் திரும்பவில்லை. அக்காவும் கல்லூரிக்குத் திரும்பவில்லை.

கீழ் மாடிக்காரர்களின் அந்தக் கோபத்தின் காரணம் இன்று எனக்குத் தெரியும். கீழே செல்லச் செல்ல அணு பெரிதாகிறது. வெளியே இருக்கும் ஒற்றை எலக்ட்ரான்மேல் கருவின் பிடி தளர்ந்து, அது எளிதில் நழுவிவிடுகிறது. தெரிந்து என்ன, ஊருக்குப் போகும்போதெல்லாம் பனி இறங்கினால் அதன் நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறேன்.

தொட்டி இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்களுக்கான காட்டேஜ். பெரியம்மா இல்லை. பனியே முன்போல இல்லை என்கிறான் ஜான்சன். நான் பெங்களூரில் மின்கல ஆய்வகம் ஒன்றில், துளி ஈரமும் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியே கை நீட்டி லித்தியத்தைத் தொடுகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா போன் செய்வாள். என் வேலையைப் பற்றி அவள் கேட்பது ஒன்றே ஒன்று.

"மேல் மாடியிலதான இருக்க?"

"ஆமாக்கா."

"எறங்கிராத."

அடுத்த மாதம் எங்கள் பிரிவு சோடியத்துக்கு மாறுகிறது; விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஒரு மாடிதான் கீழே. உத்தரவு வந்து நாளாகிவிட்டது. போன ஞாயிறும் "ஆமாக்கா" என்றுதான் சொன்னேன்.