ஆழ்கடல் பற்றிக் கதைத்து விளைமீன் தூக்கிய கதை

இன்று குருநகரில் மீன் விற்கும் மேரியக்காவிடம் இரண்டு விளைமீன் வாங்கினேன். விஞ்ஞானம் படிப்பிக்கிற வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, கடலின்ரை ஆகலும் ஆழமான இடத்துக்குப் போய்வந்த ஆக்கள் கொஞ்சப் பேர்தான். அங்கையும் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்ததாம்."

மீனைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "உண்மையோ ரீச்சர்?"

"ஓம். படமும் எடுத்திருக்கினம்."

பிறகுதான் நான் பை கொண்டுவராதது உறைத்தது. "ஒரு சொப்பிங் பை தாங்கோ அக்கா."

"தரமாட்டன். உதுவும் அங்கை போயிடும்" என்று சிரித்தபடி, மீன்களின் செவுளில் கயிறு கோத்து என் கையில் தந்தார்.

சனம் நெரிந்த பஸ்ஸில், சண்டிலிப்பாய் வரை என் பக்கத்துச் சீட்டில் மட்டும் ஒருவரும் இருக்கவில்லை.

அறிவைக் காட்டப்போய் மாட்டுப்பட்டவர்கள் வேறு யாரும் இருந்தால் கீழே சொல்லுங்கள். எனக்குத் துணை வேண்டும்.