நிறைந்த வயிற்றோடு செத்த மான்கள்

நவம்பர் மாதத்தில் இங்கே கனடாவில், மொன்றியலின் லாசால் பகுதியில் பேருந்துக்காக நின்றால், சிவப்பு விளக்குக்கு வந்து நிற்கும் கார்களில் ஏதாவது ஒன்றின் கூரைமேல் ஒரு மான் கட்டியிருக்கும். செத்த மான். நான்கு கால்களையும் கயிற்றால் இறுக்கியிருப்பார்கள். தலை ஒரு பக்கமாகத் தொங்கும், நாக்கு வெளியே கிடக்கும். ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, நம் ஊரில் புது ஸ்கூட்டர் வாங்கியவர் பார்ப்பதுபோல எல்லோரையும் பார்ப்பார். நடைபாதையில் போகிறவர்கள் நின்று பாராட்டிவிட்டுப் போவார்கள். வந்த வருஷம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னோடு பேருந்துக்கு நிற்கும் நம்மூர்ப் பெண்கள் இன்றும் மூடிக்கொள்கிறார்கள். நான் இப்போது மூடுவதில்லை. கொழுத்த மானா, மெலிந்த மானா என்று பார்க்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நான் திண்டுக்கல்காரி. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி. அதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் அது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது சென்னை. ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்தில் தங்க அறை தேடினால், வாசலுக்கு வாசல் ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று பலகை. நாலு வீடு ஏறி இறங்கியபின், ஐந்தாவது வீட்டில் “நாங்க சைவம்தாங்க” என்றேன். சாவி கைக்கு வந்துவிட்டது. அந்தப் பொய்யை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தேன். அறுபத்தெட்டில் மொன்றியலில் வந்து இறங்கிய முதல் ஞாயிறு, எங்களை விருந்துக்கு அழைத்த ஒரு தமிழ் டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் வீட்டுக்காரர் அதே வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் இன்ஜினியர், புது வேலை. இருந்த தமிழ்க் குடும்பங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதிலும் பேராசிரியர்களும் டாக்டர்களும்தான் அதிகம். நானும் தலையாட்டினேன்.

அந்த டாக்டரின் மனைவி கோமளா மாமி. அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னாலும் எனக்குச் சோறு இறங்காது. என் முதல் குளிர்காலத்துக்குத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். என் மகள் பிறந்தபோது நாற்பது நாளும் பனியில் மெட்ரோ ஏறி, மடியில் தூக்குப்பாத்திரத்தை வைத்துக்கொண்டு பத்திய ரசம் கொண்டுவந்தவர். இந்த ஊரில் எனக்குத் தாய்வீடு என்று ஒன்று இருந்ததென்றால் அது மாமியின் சமையலறைதான். அதனால்தான் பொய்யை வளர்த்தேன். கறி தின்கிறவள் என்று தெரிந்தால் அந்தச் சமையலறைக்குள் எனக்கு இடமிருக்குமா என்று கேட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு நிலம் வாங்கும் ஆசை பிடித்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அமெரிக்க எல்லைப் பக்கமாக ஒரு மணி நேரம் போனால் வரும் பத்து ஏக்கரும் ஒரு பழைய மரவீடும் எங்களுக்குக் கிடைத்தன. இருநூறு ஆப்பிள் கன்றுகள் நட்டோம். வார நாட்களில் அவற்றைப் பார்த்துக்கொண்டவர் ரேயால், பக்கத்து நிலத்தில் பால்மாடு வளர்ப்பவர். முதல் குளிர்காலம் முடிந்து போய்ப் பார்த்தால், கன்றுகளில் பாதிக்குமேல் நுனி இல்லை. மான்கள் மொட்டையும் குருத்தையும் கத்தரித்துத் தின்றிருந்தன. சோப்புக்கட்டிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். மனித வாடை பட்டால் வராது என்றார்கள் என்று, லாசால் முடிதிருத்தும் கடையில் மூட்டை மூட்டையாக மயிர் வாங்கிவந்து கன்றுக்குக் கன்று கட்டினோம். திருப்பதிக்கே அவ்வளவு போயிருக்காது. மான்கள் மயிரை ஒதுக்கிவிட்டு மொட்டைத் தின்றன.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் ரேயால் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவருக்கும் இரண்டு மகன்களுக்கும் அனுமதிச்சீட்டு இருக்கிறது, ஆளுக்கு ஒன்று, மூன்று மான்கள். எங்கள் நிலத்தில் சுடலாமா என்று கேட்டார். இங்கே அப்படிக் கேட்பதுதான் மரியாதை. சுட்டால் ஒரு பின்தொடை நிலத்துக்காரருக்கு. “கிளைகள் கொஞ்சம், வாய்கள் அதிகம். இப்போது நாம் எடுக்காவிட்டால் பிப்ரவரியில் பசி எடுத்துக்கொள்ளும்” என்றார் பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும். நாங்கள் மாமிசம் சாப்பிடுவதில்லை என்றார் என் வீட்டுக்காரர். “வெள்ளிக்கிழமைகளிலா?” என்றார் ரேயால். கத்தோலிக்கர், அவர்கள் விரதநாள் அது. எல்லாக் கிழமைகளிலும் என்றதும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எத்தனை வருஷத்துக்கு?” என்று கேட்டார். ஏதோ பெரிய பாவத்துக்குப் பாதிரியார் விதித்த தண்டனை என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி ஒவ்வொரு வாரமும் பரிதாபப்பட்டு எங்களுக்குப் பாலாடைக்கட்டி கொடுத்தனுப்பினார்.

சுடவும் நாங்கள் சம்மதிக்கவில்லை. நம்மவர்கள் பிக்னிக் வரும் இடம், மாமிக்கு மான்கள் என்றால் உயிர். ‘வேட்டை கூடாது’ என்று பிரெஞ்சில் எழுதிய பலகையை வேலியில் நானே ஆணியடித்து மாட்டினேன். அந்த வருஷம் பனி இடுப்பளவு விழுந்தது. பொங்கலை அந்த மரவீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று மாமியோடு ஐந்தாறு குடும்பங்கள் வந்தன. கொல்லையில் விலா எலும்பு தெரிய மான்கள் நின்றன. மாமி கண்கலங்கிப்போனார். “வாயில்லா ஜீவன்டி சரோ, பொங்கலும் அதுவுமா பட்டினியா நிக்கறது. பார்த்துண்டு நம்மால சாப்பிட முடியுமா?” என்றார். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்கு ஊட்டி வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும். உடனே இரண்டு கார்கள் போய், சந்தைக்கடையிலிருந்து மக்காச்சோளம் மூட்டையாக வந்தது. அரிசியையும் அதோடு கலந்தோம். நானும் என் கையால் ஒரு மூட்டையை அவிழ்த்துப் பனியில் கொட்டினேன். மான்கள் மண்டியிட்டுத் தின்றன. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவு நிறைவான பொங்கல் ஊரில்கூட எனக்கு வாய்த்ததில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் ரேயால் தொலைபேசியில் கூப்பிட்டார். போனோம். சோளம் கொட்டிய இடத்தைச் சுற்றி ஏழு மான்கள் செத்துக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் வயிறு ஊதியிருந்தது. ரேயால் ஒன்றைக் கத்தியால் திறந்து காட்டினார். குடம்போல நிறைந்திருந்த இரைப்பையில் முழுச்சோளம். புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. குளிர்காலத்தில் மானின் வயிறு குச்சிக்கும் மொட்டுக்கும் மட்டும் பழகிவிடும் என்றும், திடீரென்று தானியம் உள்ளே போனால் அது புளித்து விஷமாகிவிடும் என்றும் விளக்கினார். “பசியில் சாகவில்லை மதாம், விருந்தில் செத்திருக்கின்றன” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. கறியைத் தொட முடியாது என்று டிராக்டரில் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனார். மூன்று மான்களைக் கொடுக்க மறுத்துவிட்டு ஏழு மான்களைக் கொன்றிருக்கிறோம், ஒரு வாய்க்கும் உதவாமல். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. கருணை என்று நான் நினைத்ததெல்லாம் மூட்டையைக் கொட்டிவிட்டுக் காரில் ஏறி ஊருக்குத் திரும்பியதுதான். மாமியிடம் சொன்னேன். “குளிர்ல போயிருக்கும், அதுகள் விதி. நாம போட்டது புண்ணியம்” என்று பேச்சை முடித்துவிட்டார்.

அடுத்த இலையுதிர்காலத்தில் அந்தப் பலகையை நானே பிடுங்கினேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். மாமியை நினைத்துப் பார் என்றார். “செத்ததையும் நினைச்சுப் பார்த்துட்டேங்க” என்றேன். ரேயாலும் மகன்களும் மூன்று மான்களை எடுத்தார்கள். முறைப்படி எனக்கு ஒரு தொடை வந்தது. தண்டனை முடிந்ததா என்று ரேயால் கேட்டார், முடிந்துவிட்டது என்றேன், கையைப் பிடித்துக் குலுக்கினார். மான்கறியில் கொழுப்பு இருக்காது. இருக்கிற கொஞ்சமும் மெழுகுபோல அண்ணத்தில் ஒட்டும். அதை முழுக்கச் சீவி எடுத்துவிட்டு, மல்லியும் மிளகும் வறுத்து அரைத்து, கடலை எண்ணெயில் வெங்காயம் சிவக்க வதக்கி, மூடிவைத்து மெதுவாக வேகவிட்டேன். அவசரப்பட்டால் அது செருப்புத் தோல். அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்தைப் பார்க்க நம்மவர் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். கொட்டகையில் தொங்கிய தொடையைப் பார்த்தார்கள், அடுப்பையும் பார்த்தார்கள். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

எங்கள் தீபாவளி எல்லோருக்கும் வசதியான ஒரு சனிக்கிழமையில், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தை எடுத்து நடக்கும். சமையலுக்கு மாமி தலைமை, காய் நறுக்கிக் கொடுப்பது நான். அன்று நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. மாமி என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போகவில்லை. எல்லோர் முன்னாலும் என் தோளைத் தொட்டார். “அந்த வெள்ளைக்காரன் கொண்டுவந்து வெச்சுட்டான், நோக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. அதானேடி சரோ? ஆமான்னு சொல்லிடு, முடிஞ்சது.” என்னைக் காப்பாற்ற மாமியே ஒரு பொய்யைத் தயார் செய்து கையில் கொடுத்தார். வாசலருகே நின்ற என் வீட்டுக்காரர், சொல்லிவிடு என்று கண்ணால் கெஞ்சினார். சொல்லியிருக்கலாம். பழகிய பொய்தான். “இல்ல மாமி. நான்தான் கேட்டு வாங்கினேன், நான்தான் சமைச்சேன். சின்னதுலேர்ந்து கறி சாப்பிடுறவ நான்” என்றேன்.

மாமியின் முகம் கறுத்தது. “அப்போ, இத்தனை வருஷமா எங்காத்துல சாப்பிட்டது?”

“இதே வாயாலதான் மாமி. உங்க ரசத்தையும் இதே வாயாலதான் குடிச்சேன்.”

யாரும் கத்தவில்லை. மாமி என் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டு, “நீ போய் ஹால்ல உக்காரு” என்றார். விருந்தாளிகள் உட்காரும் இடம் அது. கோட்டுகள் மாட்டும் அறைக்குள் போய் அழுதுகொண்டிருந்தபோது, ஒரு பேராசிரியரின் இளம் மனைவி பின்னாலேயே வந்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். “அக்கா, நல்லா காரம் போட்டா செஞ்சீங்க?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “மிச்சம் இருக்குமா?” அன்று இரவுக்குள் இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று வீட்டிலும் என் வீட்டுப் பொய்யே குடியிருந்திருக்கிறது.

இப்போது ஒவ்வொரு வருஷமும் ரேயால் எங்கள் நிலத்தில் மூன்று மான்கள் எடுக்கிறார், கன்றுகள் மரமாகிவிட்டன. என் பங்கைப் பொட்டலம் கட்டி லாசால் மாடிவீட்டு உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். முதலில் பின்பக்க இரும்புப் படியேறி, கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். முன்வாசலால் வந்தால்தான் கறி என்று சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு இன்றும் போகிறேன், ஹாலில் உட்காருகிறேன், மாமி எனக்குத் தன் கையாலேயே பரிமாறுகிறார். சமையலறைக்கு மட்டும் கூப்பிடுவதில்லை. ரேயால் வீட்டு வேட்டை விருந்துக்கும் போகிறேன். அங்கே, தண்டனை முடிந்து வந்தவள் என்று எனக்கு முதல் துண்டு. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் முன்கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, “உள்ளே வாங்க” என்று மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்கிறேன். முகத்தில் பனிக்காற்று அறைகிறது, முதுகில் அடுப்பின் சூடு. வந்தவர் கோட்டைக் கழற்றும்வரை அந்த நிலைப்படியில்தான் நிற்கிறேன், கதவைச் சாத்தாமல்.