இடிதாங்கிக்குக் கீழே ஓர் இடம்

மொட்டைமாடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்தாள் ராகேல். வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாளோ என்று பயந்து தண்ணீரோடு ஓடினேன். "ஒண்ணுமில்ல சாரே. இங்கேருந்து எவ்வளவு ஆகாசம் தெரியுதுன்னு நோக்குதேன்" என்றாள்.

சுனாமிக்கு முந்தைய ஐப்பசி அது. வலியசாலையில் எங்கள் மாடியை வாடகைக்கு எடுத்து ஒரு மொபைல் கம்பெனி கோபுரம் நட்டிருந்தது. அதன் கடிகாரம் பிசகாமலிருக்கச் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரம் வாங்கும் ஜிபிஎஸ் ஆன்டெனாவைப் பொருத்த வந்தவள் இந்த மார்த்தாண்டத்துக்காரி. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைக் குமிழ். அதற்கு இடம் பார்க்கவே காலைப்பொழுது முழுவதும் போயிற்று. ஓரிடத்தில் படிக்கட்டு அறைச் சுவர் மறைத்தது, இன்னோரிடத்தில் பக்கத்து வீட்டுத் தென்னை. படுத்துப் பார்ப்பாள், எழுந்து சாக்கை நகர்த்துவாள். கடைசியில் தெற்குக் கைப்பிடிச்சுவரில் குழாய் நட்டு அதன் மேல் வைத்தாள், கோபுர உச்சியிலிருந்த இடிதாங்கிக்கு வெகு கீழே.

மத்தியானம் ஆபீசிலிருந்து போன். கோபுர உச்சிக்கு மாற்று, இல்லையென்றால் வேறு ஆள் வருவான் என்றார்களாம். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"மேல வச்சா ரெண்டு சாட்டிலைட் கூடக் கிட்டும் சாரே. இடியும் மொதல்ல அதுக்குத்தான் கிட்டும். நான் வைக்க மாட்டேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.

அவளுடையது நிரந்தர வேலை இல்லை, கான்ட்ராக்ட் வேலைதான். கேபிள் கருவி அறைக்குள் நுழையுமிடத்தில் எர்த் கம்பியை இறுக்கிவிட்டு, மாடியில் நின்ற எல்லோரையும் கீழே இறக்கினாள். மழை இடியோடு பிடித்துக்கொண்டது.

காப்பி குடிக்கும்போதுதான் சொன்னாள். முந்தின வருஷம் ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடை மாடி. ஆபீஸ் சொன்னபடி உச்சியில்தான் வைத்தாள். இடி கேபிள் வழியாக அறைக்குள் இறங்கியது. உள்ளே பேட்டரி பார்த்துக்கொண்டிருந்த செல்வமணி உயிர் பிழைத்தார். இடது காது போயிற்று. அவள்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. "வச்சது என் கை இல்லியா" என்றாள்.

மழை விட்டதும் மேலே போய்ப் பார்த்தாள். சிக்னல் நிலையாக இருந்தது. ஆபீஸ் ஆன்டெனாவை அங்கேயே விட்டுவிட்டது. ஆனால் கொஞ்ச நாள் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் மாடிக்குப் பேட்டரி மாட்ட வந்தவர் அந்தச் செல்வமணிதான். கருவிப்பெட்டியை மூடிக்கொண்டிருந்த ராகேல் எழுந்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றாள். அதன் பிறகுதான், "அண்ணே, எல்லாம் சரியாச்சு" என்றாள்.