மூன்று தரம் கூப்பிட்டால்தான்

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் தெரியாது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன், பாதியில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நம் மன்றத்தில் புதிதாகச் சேருகிறவர்கள், வாசலில் எதற்கு அந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் தட்டிப் பதில் சொல்ல விரல் வணங்கவில்லை. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்குத் திண்டிவனம். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலைப் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு அதை விட்டுவிட்டு, எதிர்வீட்டுத் தையல்காரப் பெண்ணின் கடையில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்கிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் வாய் ஒட்டிக்கொள்ளும். அவள் எனக்கும் சேர்த்துப் பேசுவாள். பேச்சு ஓய்ந்தால் போனில் ஏதாவது பாட்காஸ்ட்டைப் போட்டுவிட்டு மெஷினை மிதிப்பாள்.

அப்படித்தான் அந்த விழுப்புரத்துக்காரரின் குரல் எனக்குப் பழக்கமானது. பகலில் வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறவர். ஓய்வு நாளில், ஆள் இல்லாத இடமாகத் தேடிப் போவார். மூடிக்கிடக்கும் ரைஸ் மில், கூரை போன சினிமாக் கொட்டகை, தண்ணீர் வற்றிய ஏரி மதகு. ஒலிப்பதிவுக் கருவியை அங்கே தனியாக வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். திரும்பி வந்து, அது பிடித்துவைத்திருப்பதை நமக்குப் போட்டுக் காட்டுவார். பேய் பிசாசு என்று ஒரு வார்த்தை பேசமாட்டார். "நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே கேளுங்க," அவ்வளவுதான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அவர் மனைவி அந்த இடத்தைப் படமாக வரைந்து கொடுப்பாள். எந்தப் படத்திலும் ஆள் இருக்காது.

நிகழ்ச்சி வருவது விளக்கு வைக்கிற நேரத்தில். எடுத்ததும் அவர் நம்மைக் கூப்பிடுவார்.

"இருக்கீங்களா?"

கொஞ்சம் விட்டு இன்னொரு தரம், "இருக்கீங்களா?" பிறகு தொண்டையைச் செருமுவார். அதற்குப் பிறகு மூன்றாவது தரம்.

எங்கள் பக்கத்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொழுது சாய்கிற நேரத்தில் வெளியிலிருந்து குரல் வந்தால் உடனே பதில் கொடுக்கக் கூடாது. காத்து கருப்பு ஒரு தரம்தான் கூப்பிடும். பொல்லாதது இரண்டு தரம் கூப்பிடும் என்பார்கள். மூன்றாவது தரம் கூப்பிட மனுஷரால்தான் முடியும். மாதா கோவிலுக்குப் போகிற எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். ஜெபமாலை கையில் இருக்கும், ஆனால் முதல் குரலுக்கு வாய் திறக்கமாட்டோம்.

அதனால் அவர் மூன்றாவது தரம் கூப்பிட்டதும் நான் என்னை அறியாமல் போனைப் பார்த்து, "இருக்கேன்" என்று சொல்லிவிடுவேன். தையல்காரப் பெண் சிரிப்பாள்.

"பெரிம்மா, நீ சொல்றது அவருக்கா கேக்கப் போவுது?"

"கேக்காட்டி இன்னா. கூப்ட்டா சொல்லணும் இல்ல."

"அப்ப கேக்குற மாதிரி ஒண்ணு பண்ணிடுவோம்," என்றாள். அவளுக்கு ஒன்று தோன்றினால் ஜல்தியாக நடந்தாக வேண்டும். காசு கேட்காமல் கூட்டம் சேர்க்க இடம் கொடுக்கிற ஒரு தளத்தை இணையத்தில் தேடிப் பிடித்தாள். பேர் என்ன வைப்பது என்று கேட்டபோது, ரசிகர் மன்றம் என்றே வை என்றேன். எனக்குத் தெரிந்த பேர் அதுதான்.

"மன்றம்னா கட்அவுட்டு வெச்சிப் பால் ஊத்தணுமே. நீ ஊத்துவியா பெரிம்மா?"

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். பால் ஊற்றுவதற்கு எங்கள் ஊரில் இன்னோர் அர்த்தமும் இருக்கிறது. அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

மன்றத்தில் அறை அறையாகப் பிரித்தோம். படம் வரைகிறவர்களுக்கு ஒன்று, பேசிப் பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்று, எங்களைப் போலக் கேட்க மட்டும் வந்தவர்களுக்கு ஒன்று. யாரிடமும் பைசா வாங்குவதில்லை என்று முதலிலேயே எழுதிப் போட்டோம். விழுப்புரத்துக்காரரும் மனைவியும் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். குயிலாப்பாளையத்திலிருந்து ஒரு பெண் தான் வரைந்த முந்திரித் தோப்புப் படங்களைக் கொண்டு வந்தாள். கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர், வளைகுடாவில் லாரி ஓட்டுகிறவர், கேட்கிற அறையில் வந்து உட்கார்ந்தார். அவர் மணல்காட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பாராம். இங்கே யாரும் இல்லை, ஆனால் கேட்கும்போது திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதுவார்.

கூட்டம் கூடியதும் கண்ட விளம்பரக்காரர்களும் நுழைந்தார்கள். ரம்மி ஆடு, கடன் வாங்கு என்று ஒரே பேஜாரு. அதனால் வாசலில் ஒரு கேள்வி வைத்தோம். *அவர் எத்தனை தரம் கூப்பிடுவார்?* மூன்று என்று போடுகிறவர்களை உள்ளே விடுவது என் வேலை. பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. உள்ளேயும், அவர் கூப்பிட்டதும் முதலில் "இருக்கேன்" போடுவது நானாகத்தான் இருக்கும். என்னைப் பார்த்து மற்றவர்கள் வரிசையாகப் போடுவார்கள்.

மண்டகப்பட்டுக் குகையைப் பற்றிய நிகழ்ச்சியை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். உச்சிவெயிலில் கருவியைக் குகைக்குள் வைத்துவிட்டு, அவர் தூரத்தில் மரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பதிவில் முதலில் காற்று. பிறகு பனையோலை உரசுகிற சத்தம். அதற்குப் பிறகு, கருவிக்குப் பக்கத்திலேயே, யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவர் செருமுகிற அதே செருமல். "நான் மரத்தடியில இருந்தேன். நான் ஒண்ணும் சொல்லல," என்று அன்றைக்கும் சொன்னார். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. தையல்காரப் பெண் மிதிப்பதை நிறுத்தினவள், அன்று பொழுதுக்கும் மெஷினைத் தொடவில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் அவர் இறந்துபோனார். மாரடைப்பு. வேலைக்குப் போன வீட்டில், ஏணியில் ஏறும் முன்பே சாய்ந்துவிட்டாராம். நாங்கள் பஸ் பிடித்து விழுப்புரம் போனோம். அத்தனை நாள் காதுக்குள் பேசிக்கொண்டிருந்த மனிதரின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். வாயை மூடிக் கட்டியிருந்தார்கள். மறுநாள் சுடுகாட்டில் பால் ஊற்ற யார் யார் வருகிறீர்கள் என்று பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டு போனார். தையல்காரப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தச் சிரிப்புப் பேச்சைப் பேசியதில்லை.

கருமாதி முடிந்து சில வாரம் போயிருக்கும். வழக்கமான கிழமையில், வழக்கமான நேரத்தில், மன்றத்தில் புது நிகழ்ச்சி வந்தது.

"இருக்கீங்களா?"

அவர் குரல்தான். நான் கொக்கி தைத்துக்கொண்டிருந்த ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினேன். அடுத்த குரலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெறும் அமைதி. பிறகு நேராகக் கதை ஆரம்பித்தது. ஏதோ ஒரு பழைய பங்களாவைப் பற்றி. எல்லாம் சரியாக இருந்தது, நடுவில் மூச்சு விடுகிற சத்தம் இல்லை என்பதைத் தவிர. ஒரு மனிதர் அவ்வளவு நேரம் மூச்சே விடாமல் பேசி நான் கேட்டதில்லை.

மன்றத்தில் ஆளுக்கு ஆள் அழுதார்கள். முன்பே பதிந்து வைத்திருப்பார் என்றார்கள். வளைகுடாக்காரர், "இருக்கோம்ணே, இருக்கோம்" என்று போட்டார். பின்னாலேயே பலரும் போட்டார்கள்.

"பெரிம்மா, நீ போடலியா?"

"ஒரு தரம்தானே கூப்ட்டுச்சு."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. கூப்பிட்டார் என்று என் வாயில் வரவில்லை. கூப்பிட்டுச்சு என்று வந்துவிட்டது. அவள் எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

அடுத்த வாரமும் வந்தது. அதற்கு அடுத்த வாரமும். ஒரே தரம் கூப்பிடும், அப்புறம் அந்த அமைதி. நான் பதில் போடவில்லை. யாரையும் போடாதே என்றும் சொல்லவில்லை. ஆனால் என் "இருக்கேன்" இல்லாததைப் பார்த்து, மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போடாமல் விட்டார்கள்.

ஒரு மத்தியானம், அவர் மனைவியே திண்டிவனத்துக்கு வந்துவிட்டாள். தையல்கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொடுத்த டீயைத் தொடவில்லை.

"எம்மேல எதுனா கோவமாம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அந்தக் குரலை அவள்தான் செய்திருக்கிறாள். அவருடைய பழைய பதிவுகளையெல்லாம் கணினியில் ஒரு கருவிக்குக் கொடுத்தால், அது அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளுமாம். பிறகு நாம் எழுதிக் கொடுப்பதை அந்தக் குரலில் பேசுமாம். ஏமாற்ற நினைக்கவில்லை என்றாள். வீட்டில் அந்த நேரத்துக்கு வரும் சத்தம் நின்றுபோனதை அவளால் தாங்க முடியவில்லை.

"எல்லாரும் இருக்கோம் இருக்கோம்னு போட்டாங்க இல்ல, அன்னிக்கு ஒரு நாள் நான் சோறு தின்னேன். நீங்க பதில் போட்டீங்கன்னா எல்லாரும் போடுவாங்க. போட்டாங்கன்னா அவரு இருக்காரும்மா. இல்லாட்டி அவ்ளோதான்."

"அவரு மூணு தரம் கூப்புடுவாரே கண்ணு," என்றேன்.

அவள் முகம் வெளுத்தது.

"நான் மூணு தரம்தாம்மா எழுதறேன். அதுதான் ஒரு தரம் சொல்லுது."

தையல்காரப் பெண் நம்பவில்லை. ஏதாவது தப்பாகத் தட்டியிருப்பாய், இங்கேயே செய்து காட்டு என்றாள். அவர் மனைவி தன் போனிலேயே அந்தக் கருவியைத் திறந்து எங்கள் கண்ணெதிரில் எழுதினாள். இருக்கீங்களா, இருக்கீங்களா, இருக்கீங்களா. நானே எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். மூன்றும் இருந்தன. அழுத்தினாள்.

"இருக்கீங்களா?"

பிறகு அமைதி. சும்மா வந்த அமைதி இல்லை அது. இன்னும் இரண்டு தரம் கூப்பிடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அது ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, முடியாமல் மூடிக்கொள்வதுபோல் இருந்தது. திரும்பவும் அழுத்தினாள். அதேதான். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது, தெருவில் குல்பி வண்டி மணி அடித்துக்கொண்டு போகிறது, எங்கள் மூன்று பேருக்கும் கை சில்லிட்டுப்போனது.

நான் அவ்வளவாகப் பேசாதவள். அன்றைக்குப் பேசினேன்.

"இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேம்மா. இது வாசல்ல வந்து நின்னா உள்ள விடக்கூட என்னால முடியாது. நீ கூப்புடு. உன் வாயால மூணு தரம் கூப்புடு. மொத ஆளா நான் சொல்றேன்."

"அப்ப அவரு?"

நான் டீயை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள். டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

அந்த வாரம் எதுவும் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அவளை ஒடித்துவிட்டேனோ என்று எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. அதற்கு அடுத்த வாரம், விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தது. அவளுடைய குரல்.

மூன்று தரமும் கூப்பிட்டாள்.

நான் "இருக்கேன்" என்று போட்டேன். என் விரல் எழும்புவதற்குள் வளைகுடாக்காரர் போட்டார், குயிலாப்பாளையத்துப் பெண் போட்டாள், எல்லோரும் போட்டார்கள். இயந்திரம் பேசியதையெல்லாம் அவளே மன்றத்திலிருந்து எடுத்துவிட்டாள். அன்று முதல் நிகழ்ச்சியை அவள்தான் நடத்துகிறாள். படமும் அவளே வரைகிறாள். வாசல் கேள்வியை மட்டும் மாற்றவில்லை. காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். அவர் இறந்தது ஐப்பசிக்கு முன்னாலா பின்னாலா என்று நிச்சயமில்லை. பங்களா என்று சொன்னது ஒருவேளை பழைய சத்திரமாகவும் இருக்கலாம். பழைய உறுப்பினர்கள் பார்த்துத் திருத்துங்கள். கூடவே இதையும் பாருங்கள். அவள் முதன்முதலாகக் கூப்பிட்ட பதிவு மன்றத்தில் அப்படியே இருக்கிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து பதிந்தது. அதில் இரண்டாவது குரலுக்கும் மூன்றாவது குரலுக்கும் நடுவில் ஒரு செருமல் கேட்கிறது. அவளுடையதுதான் என்கிறாள் தையல்காரப் பெண். மணல்காட்டுக் காற்றுச் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லை என்கிறார் வளைகுடாக்காரர். அவளிடமே கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் காது வயசான காது. நல்ல காது இருக்கிற யாராவது ஒருவர், பகல் நேரமாகப் பார்த்து அதைக் கேட்டுவிட்டு, அங்கே செருமுவது யார் என்று எனக்குச் சொல்லுங்கள்.