தனக்கொடி கையால் போணி

முதலியார்பேட்டையில் மில்லுக்குப் போகிற வழியில் ஒரு கடைத்தெரு. கடைத்தெரு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மளிகைக்கடை, ஒரு வாடகை சைக்கிள் கடை, ஒரு ரொட்டிக்கடை, ஒரு காய்கறிக்கடை, நடுநடுவே வீடுகள். அவ்வளவுதான். அந்தத் தெருவில் தினமும் காலையில் ஒரு பெண்ணின் கைக்காகக் கடைக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அவள் பெயர் தனக்கொடி. மில்லில் தறி ஓட்டிய அரிகிருஷ்ணனின் மனைவி.

அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர் வந்த கதையே ஒரு கூத்து. ஐம்பத்து நாலாம் வருஷம் நவம்பரில் பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றினார்களே, அன்றைக்குத்தான் காத்தவராயன் சைக்கிள் கடையைத் திறந்தான். சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள் தனக்கொடி போய் நின்றாள். புருஷனின் சாப்பாட்டுத் தூக்கில் கைப்பிடி கழன்றுவிட்டது, அதற்கு ஒரு திருகாணி வேண்டும். வாங்கிக்கொண்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். அன்று கொண்டாட்டம் பார்க்க வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் ஜனம் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. மதியத்துக்குள் காத்தவராயன் கடையில் ஒரு சைக்கிள் மிச்சமில்லை. பிரேக் பிடிக்காத சைக்கிளைக்கூட விடவில்லை. அன்றைக்கு ஒரு காக்கா வந்து போணி பண்ணியிருந்தாலும் அப்படித்தான் ஓடியிருக்கும். அதைக் காத்தவராயனிடம் யார் சொல்வது? "தனக்கொடிக்கா கை மகாலட்சுமி கை" என்று தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தான்.

கடைக்காரர்களுக்குப் போணி என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. காலையில் நடக்கிற முதல் வியாபாரம் நல்ல கையால் நடக்க வேண்டும். ஆகாத கை பட்டால் பொழுது சாய்கிற வரை ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று மளிகைக்கடை கிருஷ்ணசாமி கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வார். ரொட்டிக்கடைக்காரர் மாதா கோயிலுக்குப் போகிறவர். போணி விஷயத்தில் மட்டும் அவரும் இந்தத் தெருக்காரர்தான். ஆக, கொஞ்ச நாளில் நாலு கடையும் தனக்கொடிக்குச் சொல்லி வைத்துவிட்டன. விடிந்ததும் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒரு கடையில் கால்வீசை வெல்லம், ஒரு கடையில் ஒரு ரொட்டி, இன்னொன்றில் கைப்பிடிக் கீரை. சைக்கிள் கடையில் அவள் என்ன வாங்குவாள், பாவம்! சைக்கிளே இல்லாத வீட்டில் மூன்று பெல் கிடந்தது.

"கெளம்பிட்டாங்க மதாம்! ஊருக்கெல்லாம் மகாலட்சுமி, எனக்கு மட்டும் ஆறிப்போன காப்பி" என்பான் அரிகிருஷ்ணன், பிரெஞ்சுக்காரச் சீமாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி.

"குடிங்க, குடிங்க. ஆறினாத்தான் வாய் வேவாது" என்று சொல்லிக்கொண்டே வாசல் தாண்டுவாள்.

சலித்துக்கொள்கிற மாதிரி பேசுவாளே தவிர, அவளுக்கு அதில் கொள்ளை ஆசை. படிப்பு இல்லை, நகை இல்லை, பிறந்த வீட்டில் ஏனென்று கேட்க ஆள் இல்லை. ஆனால் அவள் நடந்து வந்தால் நாலு பேர் எழுந்து நின்று "வாம்மா" என்கிறார்கள். வேறு என்ன வேண்டும் ஒரு மனுஷிக்கு?

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி மழையில் அரிகிருஷ்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நல்ல மனுஷன். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன். படுபாவிச் சாவு அவனைத் தேடியா வரவேண்டும்!

தெரு சும்மா இருக்கவில்லை. காத்தவராயன் பாடைக்குத் தோள் கொடுத்தான். கருமாதிக்கு அரிசியும் பருப்பும் கிருஷ்ணசாமி கடையிலிருந்து வந்தன. தனக்கொடியின் மகள் கமலவேணிக்குச் சாயங்காலம் தவறாமல் ஒரு ரொட்டி வந்தது. இவர்களைக் கெட்டவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதனால்தான் அப்புறம் நடந்தது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

தை பிறந்து சில நாள் கழித்துத் தனக்கொடி முதல்முதலாகக் காலையில் கூடையை எடுத்தாள். வேண்டுமென்று யோசித்துச் செய்யவில்லை, கை தானாக எடுத்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. கிருஷ்ணசாமி கடைக்கு எதிரே வந்ததும், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் எழுந்துவிட்டார்.

"வாம்மா, வாம்மா. போணி ஆயிடிச்சி. இன்னா வேணும், சொல்லு."

அவள் கேட்கவே இல்லையே! கடை வாசலில் தெளித்த தண்ணீர் காயவில்லை. அதில் ஒரு காலடிகூட இல்லை. கல்லாப்பெட்டியின் மூடி திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. தனக்கொடி எல்லாவற்றையும் பார்த்தாள். வெல்லம் வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். காய்கறிக்கடையிலும் போணி ஆகியிருந்தது. ரொட்டிக்கடையிலும் ஆகியிருந்தது. காத்தவராயன் அவளைப் பார்த்ததும் ஒரு சக்கரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவன் வெளியே வரவில்லை.

ஒருத்தராவது மூஞ்சியில் அடித்த மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குப் பத்து சொல்லியிருப்பாள். வாயில் அவளை ஜெயிக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஆனால் எல்லோரும் அன்பாக அல்லவா பேசித் தொலைத்தார்கள்!

மறுநாளிலிருந்து கிருஷ்ணசாமி ஓர் ஏற்பாடு செய்தார். கடைப் பலகையைக் கழற்றியதும் அவர் மனைவி அஞ்சலாட்சி உள்ளேயிருந்து சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்து, காசு கொடுத்து ஒரு தீப்பெட்டி வாங்குவாள். சொந்தக் கடையில், சொந்தப் புருஷனிடம், அவர் கொடுத்த காசில்! அவர் வீட்டு அடுப்பங்கரையில் தீப்பெட்டி மலையாகக் குவிந்தது. சிரிப்பு வருகிறதா? தனக்கொடிக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி இதைச் சொன்ன அன்றிலிருந்து அவள் காலையில் தெருவுக்கு வருவதை விட்டுவிட்டாள். வெயில் ஏறி, வதங்கின கீரை மிச்சம் கிடக்கிற நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு போய் வாங்கி வருவாள். பிழைப்புக்கு நாலைந்து வீட்டுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுத்தாள். புருஷன் போன துக்கத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. தான் இனி நல்லதுக்கு ஆகாதவளோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது எதிரே வராமல் சுவர் ஓரம் ஒதுங்கி நின்றாள். பெற்ற மகளுக்கு!

இந்தச் சமயத்தில்தான் செல்வாம்பாள் வந்து சேர்ந்தாள். வீராம்பட்டினத்து மீன்காரி. அரியாங்குப்பத்துப் பாலம் தாண்டி நடந்தே வருகிறவள். வழக்கமாக விற்கிற தெருவில் போட்டி அதிகமாகிவிட்டதால் இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். தனக்கொடி வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள்.

"ஏ பொண்ணே, நெத்திலி வாங்கு. இன்னும் போணி ஆவல."

தனக்கொடி பதறிப்போனாள். "வேணாங்க்கா. அடுத்த வூட்டுல போயி வித்துட்டு வாங்க. அப்பறமா வாங்கிக்கறேன்."

"ஏன், உனக்கு இன்னா?"

தனக்கொடி தன் நெற்றியைக் காட்டினாள். செல்வாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையை விசிறிக்கொண்டு சட்டமாக உட்கார்ந்துவிட்டாள்.

"எனுக்கு மட்டும் இருக்குதா? எங்க ஊர்ல வந்து பாரு. கடலுக்குப் போனவன் வரலன்னா வூட்டுக்கு ஒருத்தி இப்பிடித்தான் நிப்பா. நாங்க போணிக்கு ஆளு பாத்தா மீனு கூடையிலியே நாறிப்பூடும். வாங்குறியா, இல்ல இங்கியே குந்திக்கினு இருக்கட்டுமா?"

குந்தியும் இருந்தாள். வெயில் ஏற ஏறத் தனக்கொடிக்குத்தான் மீனை நினைத்துப் பதைப்பாக இருந்தது. கடைசியில் உள்ளே போய்ச் சட்டி எடுத்து வந்தாள். காசைக் கையில் கொடுக்காமல் கூடை ஓரமாக வைத்தாள்.

உடனே அன்றைக்கு மீன் பறந்துபோயிற்று என்று சொன்னால் உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஆனால் நடக்கவில்லை. அன்று கடலில் நெத்திலி ஏகமாகப் பட்டிருந்தது. எந்தக் கூடையைத் திறந்தாலும் நெத்திலி. மத்தியானம் செல்வாம்பாள் திரும்பிப் போகும்போது பாதிக் கூடை அப்படியே இருந்தது. தனக்கொடி கதவிடுக்கில் அதைப் பார்த்தாள். இனி அந்த மீன்காரி இந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் காலையில் அதே வாசலில் அதே கூடை இறங்கியது.

"எடு சட்டிய."

"நேத்து பாத்தீங்க இல்ல?" தனக்கொடிக்கு அழுகை முட்டியது. "என் கை ஆவாதுக்கா. போயிடுங்க."

"கடல்ல மீனு அதிகமா வுழுந்ததுக்கு உன் கை இன்னாடி பண்ணும்? மிச்சத்த மணல்ல காயப்போட்டிருக்கேன், கருவாடா எடுத்துக்கினு வர்றேன். நீ கடலவிடப் பெரிய ஆளா? ரொம்பத்தான் நெனப்பு உனக்கு!"

தனக்கொடிக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு சிரிப்பும் வந்தது. வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். சட்டியை எடுத்து வந்தாள்.

அதற்கப்புறம் தினமும் அவள் வாசலில்தான் கூடை இறங்கியது. சில நாள் நன்றாக விற்றது, சில நாள் விற்கவில்லை. செல்வாம்பாள் எதையும் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் இப்படிப் போனபின் தனக்கொடிக்கு ஒரு நியாயம் புரிந்தது. ஒரு வித்தையும் தெரியாத இந்தக் கைக்காகத் தெரு இத்தனை வருஷம் எழுந்து நின்றதும் பொய், இப்போது உள்ளே ஓடி ஒளிவதும் பொய். புரிந்துவிட்டது, சரி. தெருவுக்குப் போகக் கால் வரவேண்டுமே!

பங்குனியில் ஒரு நாள் காலும் வந்தது. விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு நேரே கிருஷ்ணசாமி கடைக்குப் போய் நின்றாள். அவர் அப்போதுதான் கடைசிப் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா தனக்கொடி! எவ்ளோ நாளாச்சி! போணி ஆயிடிச்சி, இன்னா..."

"ஆவலண்ணே."

கிருஷ்ணசாமி சாய்த்த பலகையை மறுபடி நகர்த்தி வைத்தார்.

"வேற யாருனா வரட்டும். அவங்க போணி பண்ணட்டும். நான் இங்கியே நிக்கிறேன், அதுக்கப்பறம் எனுக்குக் குடுங்க. நான் ஒண்ணும் கோவிச்சிக்கமாட்டேன். ஆனா ஆவாதத ஆயிடிச்சின்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லாதீங்கண்ணே. அதான் தாங்க முடியல."

சொல்லிவிட்டு ஓரமாகக்கூடப் போகாமல் கடைக்கு நேரே நின்றாள். வீட்டுக்குள்ளிருந்து சுற்றிக்கொண்டு வந்த அஞ்சலாட்சி அவளைப் பார்த்ததும் காசை முந்தானைக்குள் மறைத்தாள். "வாங்கு" என்று கிருஷ்ணசாமி கண்ணால் ஜாடை காட்டினார். அஞ்சலாட்சி தலையை ஆட்டினாள். "என்னால முடியாது சாமி. இவ நிக்கிறா, நான் எப்பிடி வாங்குவேன்?" என்று திரும்பிப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஷிப்டு முடிந்த மில்காரன் ஒருவன் பீடிக்கு வந்தான். கிருஷ்ணசாமிக்குப் போன உயிர் வந்தது. ஒரு பீடிக்கட்டை எடுத்து நீட்டவே நீட்டிவிட்டார். அவனோ தெருவுக்குப் புதியவன், ஒன்றும் அறியாதவன். "அக்கா முன்னாடி நிக்கிறாங்களே, மொதல்ல அவங்களுக்குப் போடுங்க முதலாளி" என்று கொட்டாவி விட்டபடி பின்னால் நின்றுகொண்டான்.

கிருஷ்ணசாமி பீடிக்கட்டைக் கீழே வைத்தார். தனக்கொடியை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதத்தில் அன்றுதான் அவள் முகத்தை நேராகப் பார்க்கிறார்.

"பயமா இருக்குது தனக்கொடி" என்றார் மெதுவாக. "உம்மேல ஒண்ணும் இல்லம்மா. அரிகிருஷ்ணன் எனுக்கு ஒரு தம்பி மாதிரி. ஆனா பயமா இருக்குது."

"எனுக்கும் பயமாதாண்ணே இருக்குது. இன்னிக்கி உங்க கடையில யாவாரம் படுத்துக்கிச்சின்னா நான் எப்பிடி இந்தத் தெருவுல நடப்பேன்?"

மில்காரன் மறுபடி கொட்டாவி விட்டான்.

"இன்னா வேணும், சொல்லு" என்றார் கிருஷ்ணசாமி.

"வெல்லம்."

நிறுத்துக் கொடுத்தார். அவள் காசைக் கொடுத்தாள். வாங்கிக் கல்லாவில் போட்டார்.

அன்று முழுக்கத் தனக்கொடிக்கு மாவாட்டுகிற கை நிற்கவில்லை, மனசும் நிற்கவில்லை. தெருவில் யார் நடந்தாலும் கடைப்பக்கம் போகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். போகாதவர்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் பொறுக்கமுடியாமல் கிளம்பிப் போனாள். கிருஷ்ணசாமி யாருக்கோ புளி மடித்துக்கொண்டிருந்தார்.

"யாவாரம் எப்பிடிண்ணே?" கேட்கும்போது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. சணலை இழுத்துப் பொட்டலத்தைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எப்பவும் போலத்தாம்மா. ஏன்?"

தனக்கொடி நடுத்தெரு என்றும் பார்க்காமல், முந்தானையை வாயில் வைக்காமல், ஓவென்று அழுதாள்.